குளூட்டன் இல்லாத பாஸ்தா: எதை வாங்குவது, எப்படி வேகவைப்பது?

கேள்வி – மாலைச்சாரல்

அனைவருக்கும் வணக்கம். பதின்ம வயதிலிருக்கும் என் மகளுக்குச் சீலியாக் நோய் (குளூட்டன் என்ற தானியப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இருப்பது இரத்தப் பரிசோதனையிலும் சிறுகுடல் திசுப் பரிசோதனையிலும் உறுதியானதிலிருந்து, கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களில் எது கலந்திருந்தாலும் அந்த உணவை அவளுக்குக் கொடுப்பதில்லை. பெரும்பாலான உணவுகளுக்கு மாற்று கிடைத்துவிட்டது. அவள் மிகவும் விரும்பிச் சாப்பிடும் பாஸ்தாவுக்கு மட்டும் மனநிறைவான மாற்று இன்னும் அமையவில்லை.

குளூட்டன் இல்லாதவை என்று விற்கப்படும் பாஸ்தா வகைகளில் சில, வடித்துத் தட்டில் போடுவதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. ஸ்பகெட்டி போன்ற நீளமானவை முள்கரண்டியில் சுற்றும்போதே துண்டு துண்டாக உடைகின்றன. வேறு சில வெளியே குழைந்தும் உள்ளே மாவு வேகாமலும் இருக்கின்றன. மகள் எதுவும் குறை சொல்லாமல் சாப்பிட்டுவிடுகிறாள். ஆனாலும் அவள் பொறுத்துக்கொண்டு சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. முன்பு போலவே ஆசையோடு சாப்பிட வேண்டும்.

எந்த மாவில் செய்த பாஸ்தா கோதுமைப் பாஸ்தாவின் பதத்துக்கு அருகில் வருகிறது? அட்டையில் "கோதுமை இல்லாதது" என்று மட்டும் போட்டிருந்தால் அதை நம்பி வாங்கலாமா? வேகவைக்கும் முறையில் எதையாவது மாற்ற வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் – செங்கதிர்

வணக்கம். உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது உடல்நலம் சார்ந்தது. "கோதுமை இல்லாதது" என்ற வாசகம் உங்கள் மகளுக்குப் போதாது. கோதுமை சேர்க்காத ஒரு பொருளில் பார்லியோ ரையோ இருக்கலாம், இரண்டிலும் குளூட்டன் உண்டு. "குளூட்டன் இல்லாதது" என்ற வாசகத்தைத்தான் தேட வேண்டும். உணவுத் தரங்களுக்கான பன்னாட்டு அமைப்பான கோடெக்ஸ் அலிமென்டாரியஸ், ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்று வரையறுத்திருக்கிறது. பல நாடுகளின் சட்டங்களும் இதே அளவைத்தான் பின்பற்றுகின்றன. கோதுமைக் கதிரின் மேல் குறுக்குக் கோடு போட்ட சின்னம் இருந்தால், சீலியாக் சங்கங்கள் வகுத்த விதிகளின்படி அந்தப் பொருள் சோதிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஸ்பெல்ட், கமுட், எம்மர், ஐன்கார்ன் என்ற பெயர்களில் உடலுக்கு உகந்த பழங்காலத் தானியங்கள் என்று சொல்லி விற்கப்படும் பாஸ்தாக்கள் அனைத்தும் கோதுமை இனத்தைச் சேர்ந்தவை என்பதையும், அரிசி போலவே தோற்றமளிக்கும் ஓர்சோ வழக்கமாகக் கோதுமை ரவையில் செய்யப்படுவது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பதத்துக்கு வருகிறேன். கோதுமைப் பாஸ்தா கொதிநீரில் இவ்வளவு நேரம் உருக்குலையாமல் நிற்பதற்குக் காரணம், டியூரம் கோதுமையின் ரவையைப் பிசையும்போது கிளையடின், குளூட்டெனின் என்ற இரு புரதங்களும் சேர்ந்து பின்னும் வலை. வேகும்போது அந்த வலை இறுகி, ஊதிப் பெருக்கும் மாவுச்சத்துத் துகள்களை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அரிசியிலும் மக்காச்சோளத்திலும் இப்படி வலை பின்னக்கூடிய புரதம் கிடையாது. அதனால் அவற்றில் செய்த பாஸ்தாவுக்கு மாவுச்சத்தே எலும்புக்கூடாக நிற்க வேண்டியிருக்கிறது. நல்ல உற்பத்தியாளர்கள் மாவின் ஒரு பகுதியை நீராவியிலோ சூடான அச்சுப் பொறியிலோ முன்கூட்டியே வேகவைத்து ஆறவிடுகிறார்கள். ஆறும்போது மாவுச்சத்திலுள்ள அமைலோஸ் என்ற நீண்ட மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கிக்கொண்டு கெட்டியான ஒரு சட்டகத்தை உருவாக்குகின்றன. இந்த வேலை சரியாக நடந்திருந்தால் பாஸ்தா குழையாது. நடக்காவிட்டால் நீங்கள் சொல்வது போல மாவு தண்ணீரில் கரைந்து, வடித்ததும் பசையாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒரே அரிசி மாவில் செய்த இரண்டு பாஸ்தாக்களின் பதம் முற்றிலும் வேறாக இருக்கக்கூடும்.

அட்டையைப் படித்தே ஓரளவு கணிக்க முடியும். மக்காச்சோளத்தையும் அரிசியையும் கலந்து செய்ததையே நான் முதலில் பரிந்துரைப்பேன். மக்காச்சோளம் மட்டும் என்றால் வெந்ததும் விறைப்பாகவும் சற்று மணல் போலவும் இருக்கும், ஆறினால் உடையும். அரிசி மட்டும் என்றால் மென்மையாக இருக்கும், ஆனால் குழைவது எளிது. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. பரில்லாவின் குளூட்டன் இல்லாத வகை இந்தக் கலவையில்தான் வருகிறது. அதில் கொழுப்பு அமிலங்களின் மோனோ, டைகிளிசரைடுகள் என்று ஒரு சேர்க்கையும் குறிப்பிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அது அமைலோஸோடு இணைந்து, மாவு வெளியே கசிந்து ஒட்டுவதைக் குறைக்கிறது. சேர்க்கைகளே வேண்டாம் என்பவர்களுக்குப் பழுப்பரிசி மாவும் தண்ணீரும் மட்டும் கொண்டு செய்த ஜோவியல் போன்றவை உண்டு. அவற்றில் தவிட்டின் மணம் லேசாகத் தெரியும், தக்காளிச் சாறு (சாஸ்) அதை நன்றாக ஏற்றுக்கொள்ளும். கினோவா சேர்த்தது என்று முகப்பில் பெரிதாக அச்சிட்டிருந்தால், பொருட்பட்டியலில் அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எடையின் இறங்குவரிசையில் எழுதப்படும் பட்டியலில் அது கடைசியில் இருந்தால் சுவையிலோ சத்திலோ பெரிய வேறுபாடு எதுவும் இராது.

பாஸ்தாவின் மேற்பரப்பையும் பாருங்கள். வெண்கல அச்சில் பிழிந்தது வெள்ளைப்பொடி படிந்தது போல மங்கலாகவும் தொட்டால் சொரசொரப்பாகவும் இருக்கும். டெஃப்லான் அச்சில் பிழிந்தது வழுவழுப்பாக மின்னும். சொரசொரப்பானதில் சாறு நன்றாகப் பற்றும். குளூட்டன் இல்லாத பாஸ்தாவில் மாவின் சொந்தச் சுவை மெலிதாக இருப்பதால், சாறு பற்றுவது அங்கே இன்னும் முக்கியமாகிறது.

வடிவத்தைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் ஸ்பகெட்டியை ஒதுக்கிவிட்டு ஃபுசில்லி, பென்னே போன்ற குட்டையான வடிவங்களை வாங்குங்கள். நீளமான இழை தன் எடையைத் தானே தாங்க வேண்டும், வளைய வேண்டும், இழுபட வேண்டும். வலை பின்னும் புரதம் இல்லாத மாவிடம் அதை எதிர்பார்ப்பது கடினம்.

பதில் – கல்லடுப்பு

செங்கதிர் தேர்வைப் பற்றி எழுதிவிட்டார். என் கருத்தில், வாங்கிய பாஸ்தாவைக் காட்டிலும் அதை வேகவைத்த விதத்தால்தான் பெரும்பாலானோர் ஏமாற்றமடைகிறார்கள், ஆகவே அதை மட்டும் எழுதுகிறேன்.

தண்ணீரைத் தாராளமாக வையுங்கள். கோதுமைப் பாஸ்தாவுக்கு 100 கிராமுக்கு ஒரு லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. குளூட்டன் இல்லாததற்கு அதைவிடக் கூடுதலாகவே வைக்கலாம், ஏனெனில் இதிலிருந்து கரைந்து வெளியேறும் மாவு அதிகம், குறைந்த தண்ணீரில் அது கஞ்சியாகி மீண்டும் பாஸ்தாவின் மேலேயே படியும். லிட்டருக்கு 10 கிராம் வரை உப்புப் போடலாம். மாவில் சுவை குறைவு என்று பலர் சொல்வது, தண்ணீரில் உப்புக் குறைந்துபோனதால் வந்த குறையாகவே பல வேளைகளில் இருக்கிறது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே பாஸ்தாவைப் போட வேண்டும். போட்டவுடன் முதல் இரண்டு நிமிடங்கள் விடாமல் கிளறுங்கள். மேற்பரப்பிலுள்ள மாவு பசையாக மாறுவது அந்த நேரத்தில்தான். அப்போது ஒட்டிக்கொண்ட இரண்டு துண்டுகளைப் பிறகு பிரிக்கவே முடியாது. தண்ணீரில் எண்ணெய் ஊற்றுவதால் பயனில்லை, அது மேலே மிதந்துகொண்டிருக்குமே தவிர அடியில் ஒட்டுவதைத் தடுக்காது.

அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பாகவே சுவைத்துப் பார்க்கத் தொடங்குங்கள். கோதுமைப் பாஸ்தா பதம் வந்த பின்னும் சற்று நேரம் பொறுத்திருக்கும். அரிசிப் பாஸ்தா அப்படிப் பொறுக்காது, ஒரு நிமிடத்துக்குள் பதம் கடந்து குழைந்துவிடும். ஒரு துண்டை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: நடுவில் வெள்ளைப் புள்ளியோ கோடோ தெரிந்தால் அங்கே மாவு இன்னும் நீரை உறிஞ்சவில்லை என்று பொருள். ஆய்வகங்களில் ஓர் இழையை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் வைத்து அழுத்தி, அந்த வெள்ளைக் கோடு மறைந்துவிட்டதா என்று பார்த்துத்தான் வேகும் நேரத்தை முடிவு செய்கிறார்கள். வீட்டில் அந்தக் கோடு மெல்லிய நூலாகச் சுருங்கும் கட்டத்திலேயே அடுப்பை அணைத்துவிட வேண்டும், மீதி வேக்காடு சாறில் நடக்கும். வெளியே குழைந்து உள்ளே மாவாக இருப்பதாகச் சொன்னீர்கள் அல்லவா? தண்ணீர் போதாமலோ, பாஸ்தாவைப் போட்டதும் கொதி அடங்கி நெடுநேரம் மீளாமலோ போனால் அந்த நிலை வரும். பெரிய பாத்திரமும் முழுத் தணலும் அதைச் சரிசெய்துவிடும்.

வடிக்கும் முன் சாறு மற்றொரு வாணலியில் சூடாகத் தயாராக இருக்க வேண்டும், இது மிக முக்கியம். வடிதட்டில் பாஸ்தா காத்திருக்கக் கூடாது. வடித்த நொடியிலேயே சாறில் கொட்டி, கொதிநீரில் இரண்டு கரண்டி எடுத்து ஊற்றி, மிதமான சூட்டில் ஒரு நிமிடம் புரட்டினால், ஒட்டுவதற்குக் காரணமான அதே மாவு சாறைக் கெட்டியாக்கிப் பாஸ்தாவின் மேல் பட்டுப்போலப் போர்த்திவிடும். சிலர் வடித்தவுடன் வெந்நீரில் அலசச் சொல்கிறார்கள். குளிர்ந்த சாலட்டுக்கு அது சரி. சூடான சாறோடு சேர்ப்பதற்கு வேண்டியதில்லை என்பது என் கருத்து, ஏனெனில் சாறைப் பிடித்து வைக்கும் மாவையும் சேர்த்தே அலசிவிடுகிறோம்.

பதில் – பயறுக்கொடி

மேலே எழுதிய இருவரும் அரிசியையும் மக்காச்சோளத்தையும் பற்றியே பேசியிருக்கிறார்கள். வளரும் வயதுப் பெண் அடிக்கடி சாப்பிடப் போகும் உணவு என்பதால் சத்தையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோதுமைப் பாஸ்தாவில் 100 கிராமுக்குச் சுமார் 12 முதல் 13 கிராம் புரதம் உண்டு. அரிசி, மக்காச்சோளப் பாஸ்தாவில் அது பாதியளவுதான், நார்ச்சத்தும் பெரும்பாலும் குறைவு. கொண்டைக்கடலைப் பாஸ்தாவில் 20 கிராமை ஒட்டியும், மசூர் பருப்பில் மட்டும் செய்த சிவப்பு நிறப் பாஸ்தாவில் 25 கிராம் அளவிலும் புரதம் இருக்கிறது. சீலியாக் நோயால் குடல் பாதிக்கப்பட்டிருந்தவர்களுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் குறைந்திருப்பது வழக்கம் என்பதால், பருப்பு வகைகள் அந்த வகையிலும் துணைசெய்யும்.

சுவை வேறுபடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மசூர் பருப்புப் பாஸ்தாவில் பருப்பின் மணம் தெளிவாகவே தெரியும், சீக்கிரமும் குழையும். கொண்டைக்கடலையோடு மரவள்ளிமாவும், மாவைப் பிணைக்கும் சாந்தன் கம் என்ற பசையும் சேர்த்துச் செய்யும் பான்சா போன்றவை அதைவிடக் கட்டுக்கோப்பாக நிற்கின்றன. இவற்றுக்குப் பூண்டும் தக்காளியும் காரமும் தூக்கலாக உள்ள சாறுதான் பொருந்தும். வெறும் வெண்ணெயும் சீஸும் போட்டால் பருப்பின் மணமே மேலோங்கும். வேகும்போது நுரை பொங்கும் என்பதால் உயரமான பாத்திரத்தில் வைத்து, பொங்கும் நேரத்தில் தணலைச் சற்றுக் குறைத்து, நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். கல்லடுப்பு சொன்னதற்கு மாறாக, இந்த வகையை மட்டும் வடித்தவுடன் வெந்நீரில் ஒருமுறை அலசுவதையே நான் விரும்புகிறேன். இதன் கொதிநீர் கசப்பும் பச்சை வாடையும் கொண்டது, சாறில் சேர்த்தால் சுவை கெடும்.

முழுவதும் பருப்புப் பாஸ்தாவுக்கு மாறச் சொல்லவில்லை. விருந்துக்கும் விருப்பத்துக்கும் மக்காச்சோள அரிசிக் கலவை, வார நாட்களின் வேளைக்கு இது என்று மாற்றி மாற்றிச் செய்தால் மகளுக்கும் சலிக்காது.

மறுகேள்வி – மாலைச்சாரல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வெட்டிப் பார்த்து வெள்ளைக் கோட்டைக் கவனிக்கும் முறை எனக்குப் புதியது, இன்றே செய்து பார்க்கிறேன்.

இன்னும் மூன்று ஐயங்கள் உள்ளன. இரவு செய்து குளிர்பெட்டியில் வைத்த பாஸ்தா காலையில் குச்சி போல விறைத்துவிடுகிறது. பள்ளிக்குக் கொடுத்தனுப்ப என்ன வழி? வீட்டில் மற்றவர்களுக்குக் கோதுமைப் பாஸ்தாவும் அவளுக்கு இதுவும் ஒரே நேரத்தில் செய்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும்? பாஸ்தாத் தாள்களைச் சாறோடு அடுக்கிச் சுடும் லசானியா செய்ய முடியுமா?

பதில் – வெண்பனி

விறைப்பதற்கும் செங்கதிர் விளக்கிய அதே மாவுச்சத்துதான் காரணம். வெந்த மாவுச்சத்து ஆறும்போது அதன் மூலக்கூறுகள் மறுபடியும் அடுக்கிக்கொண்டு நீரை வெளியே தள்ளுகின்றன. இது மிக விரைவாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது குளிர்பெட்டியின் 4 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில். மறுபடி நன்றாகச் சூடாக்கினால் விறைப்பில் பெரும்பகுதி தளர்ந்துவிடும் என்பதால், குளிர்பெட்டியில் வைத்ததைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கொதிநீரில் அரை நிமிடம் முக்கி எடுக்கலாம், அல்லது இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்து மூடி, ஆவியில் சூடேற்றலாம். தண்ணீர் சேர்க்காமல் வறட்டுச் சூட்டில் வைத்தால் இன்னும் விறைக்கும்.

பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதானால் காலையிலேயே செய்து, சூடு தாங்கும் குடுவையில் போட்டு அனுப்புவதே சிறந்தது. குடுவைக்குள் முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்திருந்து கொட்டிவிட்டு, பாஸ்தாவைச் சாறோடு சேர்த்துக் கொதிக்கக் கொதிக்க நிரப்புங்கள். குடுவைக்குள்ளும் அது தொடர்ந்து வேகும் என்பதால் வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே வடித்துவிட வேண்டும், சாறும் நீர்த்தே இருக்க வேண்டும். வெதுவெதுப்பான நிலையில் பல மணி நேரம் இருக்கும் மாவுப் பண்டங்களில் நச்சுண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகக்கூடும். சாப்பிடும் நேரம் வரை 60 பாகைக்கு மேல் சூடு தாங்கும் குடுவையாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரே அடுப்படியில் இரண்டு வகையும் செய்வதானால், அவளுடைய பாஸ்தாவை முதலில் செய்து மூடி வைத்துவிட்டுப் பிறகு கோதுமைப் பாஸ்தாவைத் தொடுவது பாதுகாப்பானது. கோதுமைப் பாஸ்தா வெந்த தண்ணீரை எக்காரணம் கொண்டும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிவிடலாம். வடிதட்டை மட்டும் அவளுக்கென்று தனியாக வாங்கிவிடுங்கள். அதன் துளைகளின் ஓரத்தில் காய்ந்த மாவுப் படலம் எவ்வளவு தேய்த்தாலும் கொஞ்சம் எஞ்சும், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். கீறல் விழுந்த மரக்கரண்டிக்கும் இது பொருந்தும். கிளறும் கரண்டி இரண்டு பாத்திரங்களுக்கும் இடையே நம்மையறியாமல் மாறிவிடுவதுதான் அதிகம் நடப்பது, ஆகவே வேறு நிறத்தில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். புட்டிகளில் வரும் ஆயத்தச் சாறுகளில் கெட்டிப்படுவதற்காகக் கோதுமை மாவு சேர்ப்பதுண்டு, அவற்றின் அட்டையையும் படிக்க வேண்டும்.

லசானியா தாராளமாகச் செய்யலாம். சொல்லப்போனால் குளூட்டன் இல்லாத பாஸ்தாவின் குறைகள் மிகக் குறைவாக வெளிப்படுவது அதில்தான், ஏனெனில் தாள்கள் அடுக்குகளுக்கு இடையில் அசையாமல் வேகின்றன, உடைவதற்கோ ஒட்டுவதற்கோ வாய்ப்பே இல்லை. முன்கூட்டி வேகவைக்க வேண்டாத மெல்லிய தாள்களாக வாங்குங்கள். அவை சாறிலிருந்தே நீரை உறிஞ்ச வேண்டும் என்பதால் சாறை வழக்கத்தைவிட நீர்ப்பாகவும் சற்றுக் கூடுதலாகவும் வைத்து, தாள்களின் ஓரங்களும் மூலைகளும் முழுமையாக மூடும்படி பரப்புங்கள், மூடாத மூலை காய்ந்து ஓடு போலாகிவிடும். வெள்ளைச் சாறுக்கு மைதாவுக்குப் பதிலாக மக்காச்சோள மாவுச்சத்தைக் (கார்ன்ஃபிளவர்) குளிர்ந்த பாலில் கரைத்து, கொதிக்கும் பாலில் ஊற்றிக் கிளறினால் கட்டி தட்டாமல் வரும். சூட்டடுப்பில் (ஓவனில்) முதல் அரை மணி நேரம் அலுமினியத் தாளால் மூடி ஆவி வெளியேறாமல் வேகவிட்டு, பிறகு திறந்து மேற்புறம் சிவக்கவிடுங்கள். அடுப்பிலிருந்து எடுத்ததும் வெட்டாமல் கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டால், தாள்கள் மிச்ச நீரையும் உறிஞ்சிக்கொண்டு, கத்தி வைக்கும்போது அடுக்குக் குலையாமல் நிற்கும்.